ஒளிச்சு வைக்காதீங்க... வெயில்ல காயப் போடுங்க!

துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் துணி நாப்கின், சிலிக்கான் கப்... யாருக்கு எது சரிப்படும்? எப்படித் துவைப்பது? எப்படிப் பராமரிப்பது? குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம்!

உங்கள் வீட்டு மொட்டை மாடிக் கொடியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நல்ல வெயிலில் அங்கே என்னென்ன காய்கிறது? வீட்டுக்காரர் சட்டை, பிள்ளைகளின் யூனிஃபார்ம், பெட்ஷீட், தலையணை உறை... ஏன், வாசலில் போடுகிற மிதியடிகூடக் காய்கிறது!

சரி, பாத்ரூம் கதவுக்குப் பின்னால், பாவாடைக்கு அடியில், காற்றுகூடப் புகாத இருட்டில் காய்வது எது? மாதவிலக்குத் துணி.

கால் துடைக்கிற மிதியடிக்குக் கிடைக்கிற வெயில், உடம்பிலேயே மென்மையான இடத்தில் வைத்துக்கொள்கிற துணிக்குக் கிடைப்பதில்லை. யோசித்தால் அநியாயமாக இல்லை?

“ஐயையோ, திரும்பவும் துணியா? அதெல்லாம் எங்க பாட்டி காலத்தோட போச்சுங்க!” என்று நீங்கள் பதறுவது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். மாசா மாசம் ஏறுகிற நாப்கின் செலவு, தொடை இடுக்கில் வருகிற தடிப்பு, அரிப்பு, உபயோகித்ததை எங்கே போடுவது என்கிற தலைவலி... இதனாலெல்லாம் இன்று படித்த பெண்கள், வேலைக்குப் போகிற பெண்கள்கூட ‘வேறு வழி இருக்கா?’ என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். வழி இருக்கிறது. ஆனால், அதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் இறங்கினால், பாட்டி பட்ட கஷ்டத்தையே நாமும் படுவோம்!

தப்பு துணி மேலயா?

‘துணி வைத்தால் நோய் வரும்’ என்று கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை.

ஒடிசா மாநிலத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்த 500-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2018-ல் வெளிவந்தன. துவைத்துத் திரும்பப் பயன்படுத்துகிறவர்களிடம் ‘கேண்டிடா’ என்கிற பூஞ்சைத் தொற்று கூடுதலாக இருந்தது. இது முதல் பாதி. அப்படிப் பயன்படுத்துகிறவர்களிலேயே, துணியை வீட்டுக்குள்ளே காய வைத்தவர்களுக்கும், கழிப்பறையில் மறைத்து வைத்தவர்களுக்கும்தான் இந்தத் தொற்று அதிகம். இது இரண்டாவது பாதி!

காரணம் புரிகிறதா? மழைக்காலத்தில் ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியை விட்டால் என்ன ஆகும்? ரெண்டே நாளில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். துணியும் அப்படித்தான். அரைகுறையாகக் காய்ந்த துணியை மடித்து, இருட்டில், ஈரமான பாத்ரூம் இடுக்கில் செருகினால் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி. அதையே எடுத்து மறுபடி வைத்துக்கொண்டால் அரிப்பு, எரிச்சல், தயிர் திரிந்தாற்போல வெள்ளைப்படுதல்... வராமல் இருக்குமா?

நம் பாட்டிகளுக்கு இது தெரியாமல் இல்லை. துணியை வெயிலில் போட அவர்களை யாரும் விடவில்லை, அவ்வளவுதான். ‘ஆம்பளைங்க கண்ணுல படக் கூடாது’, ‘பாம்பு தாண்டினா தோஷம்’, ‘அலசின தண்ணி பட்டா செடி பட்டுப்போகும்’ என்று ஆயிரம் சொல்லி, அந்தத் துணியை இருட்டுக்குள் தள்ளியது நம் வெட்கம். நோயைக் கொடுத்ததில் பெரும் பங்கு அந்த வெட்கத்துக்குத்தான்!

நாப்கின் நமக்கு எதிரியா?

நிச்சயமாக இல்லை. நாப்கின் வந்த பிறகுதான் பல பெண் பிள்ளைகள் அந்த நாட்களிலும் தைரியமாகப் பள்ளிக்கூடம் போனார்கள். கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1998 வாக்கில் சொந்த மனைவி அழுக்குத் துணி வைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, மலிவாக நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கப் புறப்பட்டவர். 2016-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தமிழக அரசும் 2011-12-ல் ‘புது யுகம்’ திட்டத்தைக் கொண்டுவந்து, கிராமப்புறத்து வளரிளம் பெண்களுக்கு நாப்கினை இலவசமாகத் தர ஆரம்பித்தது. இதெல்லாம் பெரிய விஷயங்கள்.

ஆனாலும் கடையில் வாங்கும் நாப்கினுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. முருகானந்தத்துக்கே முதலில் இது பிடிபடவில்லை. பஞ்சு வைத்துச் செய்து பார்த்தார், உறிஞ்சவில்லை. ரொம்ப நாள் அலைந்த பிறகுதான் உள்ளே இருப்பது சாதாரணப் பஞ்சு இல்லை, மரக்கூழ் என்று கண்டுபிடித்தார்! மேலே பஞ்சு மாதிரித் தெரிகிற ஷீட் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை. நடுவே மரக்கூழோடு, ஈரம் பட்டதும் ஜெல்லி மாதிரி ஆகிற ரசாயனத் துகள்கள். அடியில் கசியாமல் இருக்க பிளாஸ்டிக் தாள். ஒட்டுவதற்குப் பசை. சிலவற்றில் வாசனை வேறு!

இதனால் எல்லோருக்கும் கெடுதல் என்று அர்த்தமில்லை. ஆனால், நம் ஊர் வெக்கையில் பிளாஸ்டிக்கும் வியர்வையும் உராய்வும் சேரும்போது சிலருக்குத் தோல் தடித்து, சிவந்து, புண்ணாகிறது. வாசனை சேர்த்த நாப்கின் என்றால் இன்னும் கூடுதல். டெல்லியைச் சேர்ந்த ‘டாக்ஸிக்ஸ் லிங்க்’ அமைப்பு 2022-ல் வெளியிட்ட அறிக்கையில், பரிசோதித்த நாப்கின்களில் தாலேட் போன்ற ரசாயனங்கள் இருந்ததாகச் சொன்னது. இதைப் படித்துவிட்டு ‘நாப்கின் வைத்தால் புற்றுநோய்’ என்று யாராவது கிளப்பிவிட்டால் நம்ப வேண்டாம். அப்படி நிரூபணம் ஆகவில்லை.

அடுத்தது, குப்பை. ஒரு சின்னக் கணக்குப் போடலாமா? நாளைக்கு 4 நாப்கின், மாசத்துக்கு 5 நாள் என்றால் 20. வருஷத்துக்கு 240. வயசுக்கு வந்ததிலிருந்து மாதவிலக்கு நிற்கும் வரை 35 வருஷம் என்று வைத்தால் 8,400! ஒன்று 6 ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 1,440 ரூபாய். வீட்டில் அம்மா, ரெண்டு பெண்கள் என்றால் 4,320 ரூபாய்.

ரூபாயை விடுங்கள். நியூஸ்பேப்பரில்கூடச் சுற்றாமல் குப்பைத் தொட்டியில் போடுகிறோமே, அதைக் கையால் பிரித்தெடுப்பது யார்? நம்மைப் போல இன்னொரு பெண்ணாகவும் இருக்கலாம். டாய்லெட்டில் போட்டு ஃபிளஷ் செய்தால், அது ஊறிப் பெருத்து அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பை எடுக்க வருகிறவர் படும் பாட்டைச் சொல்லி முடியாது. நாப்கின் உபயோகிப்பவர்கள் இந்த ஒன்றையாவது சத்தியமாகக் கடைப்பிடியுங்கள்: பேப்பரில் நன்றாகச் சுற்றி, மேலே ஒரு அடையாளம் போட்டு, தனியாகக் கொடுங்கள்.

இப்போது மாற்று வழிகளுக்கு வருவோம்.

துணி நாப்கின்: எப்படி இருக்க வேண்டும்?

பாட்டி மடித்து வைத்த கந்தல் துணி இல்லை இது. நாப்கின் வடிவத்திலேயே தைத்து, ரெண்டு பக்கமும் இறக்கை வைத்து, பிரஸ் பட்டனால் உள்ளாடையோடு பொருத்திக்கொள்வது. நகராது, சுருளாது. புதுச்சேரி பக்கம் ஆரோவில்லில் 2010-ல் தொடங்கிய ‘ஈகோ ஃபெம்’ அமைப்புக்காகச் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் இவற்றைத் தைத்துத் தருகிறார்கள். வெளிநாட்டுக்கும் போகிறது. இன்று பல மகளிர் சுய உதவிக் குழுக்கள்கூட தைக்கின்றன.

வாங்கும்போது இதையெல்லாம் பாருங்கள்:

• உடம்பில் படுகிற மேல் துணி சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர், நைலான் கலப்பு வேண்டாம்.

• உள்ளே உறிஞ்சுவதற்குப் பருத்தித் துணி பல மடிப்பாக இருக்க வேண்டும்.

• அடியில் கசிவைத் தடுக்க, ரப்பர் மாதிரி மெல்லிய பூச்சு கொடுத்த துணி சிலவற்றில் இருக்கும். பஸ்ஸில் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்த வகை வசதி. வீட்டில் இருக்கும்போது முழுப் பருத்தி போதும், காற்றோட்டமாக இருக்கும்.

• முதல் ரெண்டு நாளுக்கும் ராத்திரிக்கும் பெரியது. மற்ற நாளுக்குச் சின்னது.

வீட்டிலேயே தைக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னும் மலிவு. பழைய பருத்திச் சேலை, வேட்டி ஆகியவை பல தடவை துவைத்து மிருதுவாகியிருக்கும். அதுதான் நன்றாக உறிஞ்சும். கஞ்சி போட்ட புதுத் துணி தண்ணீரைத் தள்ளும், ரெண்டு மூன்று தடவை துவைத்த பிறகே வெட்டுங்கள். கடையில் வாங்கும் நாப்கின் ஒன்றை வைத்து பேப்பரில் வடிவம் வரைந்துகொண்டால் வேலை சுலபம். உள்ளே பழைய டர்க்கி டவல் துண்டை ரெண்டு மடிப்பு வைக்கலாம். ரொம்பக் கனமாகத் தைத்துவிடாதீர்கள், காய நேரமாகும். காய நேரமானால் ஆபத்து!

ஒருவருக்கு எத்தனை வேண்டும்? 8 இருந்தால் தாராளம். 4 உடுத்தும்போது 4 காயும். ஆரம்பத்திலேயே அத்தனையும் வாங்க வேண்டாம். ரெண்டு வாங்கி, ராத்திரியில் மட்டும், வீட்டில் இருக்கிற நாளில் மட்டும் பழகிப் பாருங்கள். பிடித்தால் கூட்டிக்கொள்ளலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ரெண்டு மூன்று வருஷம் உழைக்கும்.

துணியோ, நாப்கினோ... எதுவானாலும் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும். ‘இன்னும் நனையலையே’ என்று காலையில் வைத்ததை சாயங்காலம் வரை வைத்திருக்கக் கூடாது.

துவைப்பது ஒரு கலை!

1. முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் கூடாது. முட்டையை வேக வைத்தால் எப்படிக் கெட்டியாகிறதோ, அப்படி ரத்தத்தில் இருக்கும் புரதமும் சூட்டில் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கறை போகவே போகாது.

2. அரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறட்டும். ராத்திரி முழுக்க ஊறப் போட்டு மறந்துவிட்டால் நாற்றம் வரும்.

3. சாதாரணத் துணி சோப்பு போதும். தேய்த்து, நுரை சுத்தமாகப் போகும் வரை அலசுங்கள். சோப்பு தங்கினால் அதுவே அரிப்பு தரும். முதல் அலசலுக்குப் பிறகு மற்றத் துணிகளோடு வாஷிங் மெஷினில் போடலாம், தப்பில்லை.

4. ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், கிருமிநாசினி எதுவும் வேண்டாம். தோல் வெந்துபோகும். துணியை மிருதுவாக்கும் திரவமும் வேண்டாம். அது நூலில் படிந்து, உறிஞ்சும் சக்தியைக் குறைத்துவிடும்.

5. நேரடி வெயிலில் விரித்துக் காயப் போடுங்கள். மேலே வேறு துணி போட்டு மூடாதீர்கள். ரெண்டு பக்கமும் திருப்பிப் போடுங்கள்.

6. கையால் அழுத்திப் பார்த்து, நடுப்பகுதி ஓரமெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தால்தான் மடிக்க வேண்டும்.

7. சுத்தமான துணிப்பையில் போட்டு பீரோவில் வையுங்கள். பாத்ரூம் அலமாரியில் வேண்டாம்.

லேசாகக் கறை நின்றால் பயப்படாதீர்கள். கறை வேறு, அழுக்கு வேறு. கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தேய்த்து வெயிலில் போட்டால் மங்கிவிடும். அக்கா, தங்கை என்றாலும் அவரவர் துணி அவரவருக்குத்தான். மாற்றிக்கொள்ளக் கூடாது.

“மொட்டை மாடியே இல்லீங்களே!”

நியாயமான கேள்வி. ஒரே ரூம் வீடு, பொதுக் குழாய், பத்துக் குடித்தனத்துக்கு ஒரு பாத்ரூம், லேடீஸ் ஹாஸ்டல்... இங்கெல்லாம் எப்படி?

இன்றைய துணி நாப்கினைப் பார்த்தால் கைக்குட்டை மாதிரியோ, குழந்தைத் துணி மாதிரியோதான் இருக்கிறது. பூப்போட்ட துணியில் தைத்ததைக் கொடியில் போட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கப் போவதில்லை. கிளிப் தொங்கும் சின்ன வட்டக் கொடி கடைகளில் கிடைக்கிறது. வெயில் விழுகிற ஜன்னல் கம்பியில் மாட்டினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்? ஃபேன் காற்றில் முழுக்கக் காய வைத்து, கடைசியில் நன்றாக இஸ்திரி போடுங்கள். சூடு ஈரத்தை விரட்டும். ஆனால், கசிவு தடுக்கும் பூச்சு கொடுத்த துணி என்றால் இஸ்திரி வைக்காதீர்கள், உருகிவிடும். அப்படியும் காயவில்லையா? அந்த மாசம் கடை நாப்கின் வாங்கிக்கொள்ளுங்கள். ஈரத்தோடு வைத்துக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்!

பள்ளி, ஆபீஸ் போகும்போது ஜிப் வைத்த சின்னப் பை ஒன்று கைவசம் இருக்கட்டும். கழற்றியதை அழுக்குப் பக்கம் உள்ளே போகிற மாதிரி மடித்து, பட்டன் போட்டு பையில் வைத்து, வீட்டுக்கு வந்ததும் அலசிவிடலாம்.

இன்னொன்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறோம். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கிற வீட்டில், துவைக்கத் தனி இடமே இல்லாத நிலையில், துணி உங்களுக்குச் சரிப்படாது. அதில் குற்ற உணர்ச்சி எதற்கு? உங்கள் உடம்பு முக்கியம். நாப்கினையே பயன்படுத்துங்கள். அல்லது, தண்ணீர் அதிகம் தேவைப்படாத இன்னொரு வழி இருக்கிறது. அதுதான் கப்.

கப்... அது என்ன?

‘மென்ஸ்ட்ருவல் கப்’ புத்தம் புதுச் சமாச்சாரம் என்று நினைக்கிறீர்களா? அமெரிக்க நடிகை லியோனா சால்மர்ஸ் என்பவர் 1937-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்! அப்போது ரப்பரில் இருந்தது. இப்போது மருத்துவத் தரமுள்ள சிலிக்கானில் வருகிறது. சின்ன மணியைக் கவிழ்த்துப் பிடித்த மாதிரி, மடக்கினால் மடங்குகிற மாதிரி மிருதுவாக இருக்கும். பெண்ணுறுப்புக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். உறிஞ்சாது, ரத்தத்தைச் சேகரிக்கும்.

சாதாரணமாக ஒரு மாதவிலக்கில் மொத்தமாகப் போகிற ரத்தமே 30, 40 மில்லிதான். கப் ஒன்று சுமார் 25 மில்லி பிடிக்கும். அதனால் பெரும்பாலானோருக்குக் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை கழுவி வைத்தால் போதும். போக்கு அதிகமுள்ள நாளில் கூட ஒன்றிரண்டு தடவை. எப்படியும் 12 மணி நேரத்துக்கு மேல் உள்ளே விடக் கூடாது. விலை சில நூறு ரூபாய்தான், பல வருஷம் வரும்.

பக்கத்து வீடான கேரளாவில் 2019-ல் ஆலப்புழை நகராட்சியில் ‘திங்கள்’ என்ற திட்டத்தில் 5,000 கப்புகள் இலவசமாகக் கொடுத்தார்கள். எர்ணாகுளம் மாவட்டம் கும்பளங்கி பஞ்சாயத்து 2022 ஜனவரியில் ‘நாப்கின் இல்லாத பஞ்சாயத்து’ என்றே அறிவிக்கப்பட்டது. அங்கே கப் வாங்கிக்கொண்டவர்கள் மீன் பிடிக்கிற, வீட்டு வேலை பார்க்கிற சாதாரணக் குடும்பத்துப் பெண்கள்தான்!

சரி, பாதுகாப்பானதா? உலகம் முழுக்க நடந்த 43 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசி, 2019-ல் ‘லான்செட்’ குழுமத்தின் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. சுமார் 3,300 பெண்களின் அனுபவம் அது. கசிவு மற்றவற்றைவிட அதிகமில்லை, பாதுகாப்பானதே என்பது முடிவு. பழகியவர்களில் பத்துக்கு ஏழு பேர் தொடர்ந்து பயன்படுத்த விரும்பினார்கள். ஆனால், முதல் ரெண்டு மூன்று மாசம் தடுமாற்றம் இருக்கத்தான் செய்யும். சைக்கிள் கற்றுக்கொண்டபோது விழவில்லையா?

வைக்கும் விதம்: கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். நகம் வெட்டியிருக்கட்டும். கப்பை ‘C’ மாதிரி மடித்து, குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, முதுகெலும்பின் அடி நுனியைப் பார்த்துச் சாய்வாகத் தள்ளுங்கள். உள்ளே போனதும் அதுவே விரிந்து ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது காம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கக் கூடாது! அடிப்பாகத்தை ரெண்டு விரலால் அழுத்தினால் காற்றுப் புகுந்து பிடி விடும். அப்புறம் மெதுவாக எடுக்கலாம்.

ஒவ்வொரு மாசமும் ஆரம்பிக்கும் முன்பும் முடிந்த பிறகும், இதற்கென்றே வைத்த தனிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, கப் முழுக்க முங்கியிருக்க 5 முதல் 10 நிமிஷம் கொதிக்க வையுங்கள். அடுப்பில் வைத்துவிட்டு சீரியல் பார்க்கப் போய்விடாதீர்கள், கருகிவிடும்! காய்ந்ததும் துணிப்பையில் வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டாம்.

சந்தேகமா? கேளுங்க!

உள்ளேயே காணாமப் போயிடுமா?

போகாது. பெண்ணுறுப்பின் மேல்முனையில் கர்ப்பப்பை வாய் இருக்கிறது. அந்த வாசலில் கப் நுழைய முடியாது. பதற்றப்படாமல் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து முக்கினால் கீழே இறங்கி வரும். அப்படியும் வராவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

ஒவ்வொரு தடவை யூரின் போகும்போதும் எடுக்கணுமா?

வேண்டாம். சிறுநீர் வருகிற வழி வேறு, மாதவிலக்கு வருகிற வழி வேறு.

கல்யாணமாகாத பொண்ணு வைக்கலாமா? கன்னித்தன்மை...?

கன்னித்தன்மை என்பது உடம்பில் இருக்கிற ஒரு சவ்வு இல்லை. விளையாடினாலும் சைக்கிள் ஓட்டினாலும்கூட அந்தச் சவ்வு விலகலாம். சிலருக்குப் பிறவியிலேயே பெயருக்குத்தான் இருக்கும். கல்யாணமாகாதவர்கள் சின்ன சைஸ் கப்பைப் பயன்படுத்தலாம். ஆனால், வலித்தாலோ மனசுக்கு ஒப்பவில்லை என்றாலோ யாரும் வற்புறுத்தக் கூடாது. அவர்களுக்குத் துணி நாப்கின் இருக்கவே இருக்கிறது.

காப்பர்-டி போட்டிருக்கேன். கப் வைக்கலாமா?

உங்கள் டாக்டரிடம் கேட்காமல் வைக்காதீர்கள். பிடியை விடுவிக்காமல் கப்பை இழுத்தால் காப்பர்-டியும் சேர்ந்து நகர்ந்து வரலாம்.

பிரசவமாகி ஒரு மாசம் ஆகுது...

இப்போது வேண்டாம். பிரசவம், கருக்கலைப்பு, அந்தப் பகுதியில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டர் சரி என்று சொல்லும் வரை உள்ளே எதையும் வைக்கக் கூடாது. அடி இறக்கம் இருப்பவர்களும், தொற்றுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் அப்படியே.

யாருக்கு எது?

புதுசாக வயசுக்கு வந்த பிள்ளைக்கு: துணி நாப்கினும் கடை நாப்கினும் கலந்து. பள்ளியில் தண்ணீர் வசதி சரியில்லை என்றால் பகலில் கடை நாப்கின், வீட்டில் துணி.

நாப்கினால் தடிப்பு, புண் வருகிறவர்களுக்கு: முழுப் பருத்தித் துணி, அல்லது கப்.

நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற ஜவுளிக்கடை, தொழிற்சாலைப் பெண்களுக்கு, மாற்ற அடிக்கடி பாத்ரூம் போக முடியாதவர்களுக்கு: பழகிக்கொண்டால் கப்.

மாதவிலக்கு நிற்கப்போகிற வயதில், எப்போது வரும் என்று தெரியாதவர்களுக்கு: பையில் எப்போதும் ஒரு துணி நாப்கின்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கடைசி வரை அதுதான் என்று சத்தியம் எதுவும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 24 வயதுப் பெண்களில் 64 சதவீதம் பேர் நாப்கின் என்றும், 50 சதவீதம் பேர் துணி என்றும் சொல்லியிருக்கிறார்கள். கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே என்று பார்க்கிறீர்களா? பலர் ரெண்டையும் பயன்படுத்துகிறார்கள். இன்றைக்கும் நம் நாட்டில் பாதி இளம்பெண்களிடம் துணி இருக்கிறது. அந்தத் துணி காய்கிற இடம் மட்டும் மாறினால் எத்தனை பேருக்கு நிம்மதி!

டாக்டரிடம் எப்போது ஓட வேண்டும்?

• ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், பெரிய பெரிய கட்டிகளாக வந்தால், 7 நாளைத் தாண்டியும் நிற்காவிட்டால். இப்படி ரத்தம் போனால் ரத்தசோகை வரலாம். கப்பில் மில்லி அளவுக் கோடு இருந்தால் கணக்கு வைப்பது சுலபம். ஒரு மாதவிலக்கில் 80 மில்லியைத் தாண்டினால் அது அதிகப் போக்கு.

• நாற்றத்தோடு அல்லது பச்சை, மஞ்சள் நிறத்தில் வெள்ளைப்படுதல், அரிப்பு, அடிவயிற்று வலி, சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தால். ‘மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவினேன்’ என்று நாளைக் கடத்தாதீர்கள்.

• கப் வைத்திருக்கும்போது திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி, பேதி, தலைசுற்றல், வெயிலில் கருகினாற்போல உடம்பெல்லாம் சிவந்தால். மிக மிக அபூர்வம், ஆனால் ஆபத்து. உடனே கப்பை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக, அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் பெண் வயசுக்கு வந்தால் பந்தல் போட்டு, தட்டுத் தட்டாகச் சீர் வைத்து, ஊரைக் கூட்டிச் சொல்கிறோம். அடுத்த மாசமே ‘யாருக்கும் தெரியாம ஒளிச்சு வை’ என்கிறோம். அந்தக் குழந்தை எதைத்தான் நம்பும்?

அடுத்த தடவை உங்கள் வீட்டிலோ, சொந்தத்திலோ ஒரு பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது பட்டுப் பாவாடையோடு ஆறு துணி நாப்கினும் சேர்த்து வையுங்கள். அப்பாவோ, அண்ணனோ மாடியில் வெயில் விழுகிற பக்கமாக ஒரு கொடி கூடுதலாகக் கட்டிக் கொடுக்கட்டும். ‘இதுல காயப் போடும்மா, ஒண்ணும் தப்பில்ல’ என்று அவர்கள் வாயால் ஒரு தடவை சொன்னால் போதும். எந்த டாக்டர் எழுதிக் கொடுக்கிற மருந்தைவிடவும் அது பெரிய மருந்து!